நிரையில் நின்றவள்

மிளகாய்க் காட்டில் களை எடுப்பதைப் பார்க்காதவர்களுக்காக முதலில் நிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காட்டின் ஒரு கோடியில் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்காருவார்கள். ஒருத்தியின் கை இடமும் வலமும் எட்டுகிற அகலம் அவளுடைய நிரை. கையில் களைக்கொட்டு இருக்கும். சாண் நீளப் பிடியும் வளைந்த அலகும் உள்ள சின்னக் கருவி. உட்கார்ந்த வாக்கிலேயே பாதத்தை நகர்த்தி நகர்த்தி, எல்லோரும் ஒரே வேகத்தில் மறுகோடிக்குப் போக வேண்டும். ஒருத்தி பிந்தினால் வரிசை உடையும். உடைந்த வரிசை கங்காணியின் கண்ணுக்கு உடனே தெரியும். வரிசையாக உட்காரச் சொல்வதே அதற்காகத்தான்.

பூமயிலுக்கு இடது கோடியிலிருந்து மூன்றாவது நிரை. கலியாணமாகி முள்ளியேந்தலுக்கு வந்த வருஷத்திலிருந்து அதுதான் அவள் இடம். அபிராமத்திலிருந்து பார்த்திபனூர் போகும் ரோட்டை ஒட்டிச் சேதுராமன் என்ற நிலக்காரருக்குப் பெரிய மிளகாய்க் காடு இருந்தது. அதில் வேலை பார்க்கிற குடும்பங்கள் அவருக்குச் சொந்தமான மேட்டில் குடிசை போட்டுக்கொள்ளலாம். வேலை போனால் குடிசையையும் பிரித்துவிட வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த விதி அல்ல. நான் அந்த ஊருக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். எழுதி வைத்த விதிகளை மீறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இந்த விதியை மீறியவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

பூமயிலின் புருஷன் வேல்சாமி மண்டபத்தில் ரயிலுக்கு மீன் கூடை ஏற்றுகிற வேலையில் இருந்தான். நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்துபோவான். அங்கே அவனுக்கு இருந்தது மற்ற சுமைக்காரர்களோடு சேர்ந்து படுக்கிற ஒரு கொட்டகை. மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கொண்டுபோய் வைக்க அது இடமில்லை. ஆகவே பூமயிலின் நிரை என்பது அவர்கள் நால்வரும் தங்குகிற கூரையும்தான்.

1956ஆம் வருஷம் மார்கழியில் அவளுக்கு முட்டிவாதம் முற்றியது. அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வெளியே தெரிந்தது அப்போதுதான். விடியற்காலையில் எழுந்தால் இரண்டு காலும் மரக்கட்டையாக இருக்கும். வெயில் ஏறிய பிறகுதான் மடங்கும். மடக்கி உட்கார்ந்துவிட்டால் திரும்ப நீட்டுவது பெரும்பாடு. முட்டிகள் இரண்டும் பனங்காய் போல வீங்கியிருந்தன. வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்கள் கையை ஓர் அடி கூடுதலாக எட்டிப்போட்டு அவள் நிரையிலும் களை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளையம்மாள் பார்த்துவிட்டாள். ஆள் கூட்டிக்கொண்டு வருவதும், வரிசையில் முதல் நிரை பிடிப்பதும் அவள்.

"ஏண்டி பூமயிலு, உன் நெரைய ஊரே எடுக்குது. நீ என்னத்த எடுக்குற?"

"முட்டி மடங்க மாட்டேங்குது மதினி."

"மடங்கலேன்னா கழட்டி வீட்டுல வச்சிட்டு வா."

வரிசை சிரித்தது. அன்று பொழுது சாய வெள்ளையம்மாளே ஒரு கட்டு நொச்சி இலையோடு பூமயில் வீட்டுக்குப் போய், வென்னீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முடக்கத்தான் கீரை தின்றாயிற்று, வேப்பெண்ணெய் தேய்த்தாயிற்று, கமுதியில் ஒரு வைத்தியரிடம் பற்றுப் போட்டாயிற்று. ஒத்தடம் கொடுத்த மறுநாள் காலையில் கொஞ்சம் தேவலை என்பாள். களைக்காட்டில் அரைப் பொழுது குத்தவைத்தால் பழைய கதைதான். மருந்தைத் தடவிக்கொண்டு போய் நோய்க்குள்ளேயே உட்கார்ந்தால் எந்த மருந்து நிற்கும்?

பொங்கல் கழிந்ததும் ராமநாதபுரம் கோர்ட்டில் நான் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பூமயிலும் வெள்ளையம்மாளும் அதே பஸ்ஸில் வந்தார்கள். கோர்ட்டில் வாய்தா போட்டுவிட்டதால் நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், மாத்திரை எழுதினார்.

"இது வாதம். இனிமே குத்தவைக்கக் கூடாது. சம்மணமும் கூடாது. நின்னு செய்யுற வேலையாப் பாத்துக்க" என்றார்.

"களை எடுக்கிற பெண், டாக்டர். அவளுக்கு நின்று செய்கிற வேலை எது?" என்று நான் கேட்டேன்.

"அத நீங்கதான் பாக்கணும். நான் முட்டிக்கு வைத்தியம் பாக்குறேன், வேலைக்குப் பாக்கல."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் வெளிவாசல் வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் வேலைக்கு வைத்தியம் பார்க்கிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, அதன் பிறகு நான் விசாரித்த யாரும் சொல்லவில்லை.

மறுநாள் களைக்காட்டில் இந்தச் செய்தி பெரிய வேடிக்கையாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளாவதையும் குத்தவைப்பது என்றுதான் சொல்வார்கள்.

"டாக்டரு இனிமே குத்தவைக்கக் கூடாதுன்னுட்டாரு" என்றாள் பூமயில்.

"ஆமா, ரெண்டு பிள்ளை பெத்தவ இனிமேதான் குத்தவைக்கப் போறா. சடங்கு சுத்தச் சொல்லி உன் தாய்மாமனுக்குச் சொல்லிவிடணுமேன்னு பாத்தேன், தப்பிச்சாரு மனுசன்" என்றாள் வெள்ளையம்மாள். வரம்பில் குடை பிடித்து நின்ற கங்காணி மருதுபாண்டிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

நின்று செய்கிற வேலை எது என்று ஊர் முழுக்க யோசித்தது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. நம் பக்கத்தில் பெண்களுக்கு வேலை என்று இருப்பதில் முக்கால்வாசி தரையோடு தரையாக நடக்கிறது. களை எடுப்பது தரையில். வத்தலுக்குக் காம்பு கிள்ளுவது தரையில். ஓலை முடைவது, மாவு திரிப்பது, சாணி தட்டுவது எல்லாம் தரையில். காய் பறிப்பது குனிந்து செய்கிற வேலை. அதைப் பூமயிலால் செய்ய முடிந்தது. ஆனால் களை எடுக்காதவளைக் காய் பறிக்கக் கூப்பிட மாட்டார்கள். வேர்வை சிந்தாமல் விளைச்சலுக்கு மட்டும் வருகிறாள் என்று ஆகிவிடும். களத்தில் வத்தலைப் பரப்பித் துழாவுவது நின்று செய்கிற வேலைதான். அது சேதுராமனின் வீட்டை அண்டிய இரண்டு குடும்பங்களுக்குப் பரம்பரையாக விட்டது.

"நின்னு செய்யுற வேலை ஒண்ணு இருக்குடி. கங்காணி வேலை. மருதுபாண்டி தம்பிக்கிட்ட குடையக் கேளு" என்றாள் வெள்ளையம்மாள்.

"குடைய வேணும்னா தாரேன் மதினி. அய்யா ஏச்சையும் சேத்து வாங்கிக்கிறட்டும்" என்றான் மருதுபாண்டி.

அந்தக் காலத்தில் விவசாய அபிவிருத்திக்காக ஓர் அலுவலர் சைக்கிளில் வருவார். ஜப்பான் முறை நெல் சாகுபடிக்கு நின்றபடியே தள்ளிக் களை எடுக்கிற ஒரு கருவியைப் படம் போட்டுக் காட்டினார். இதை மிளகாய்க்கு மாற்றித் தர முடியுமா, ஒரு பெண்ணின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று கேட்டேன். "இது நெல்லுக்குங்க. மிளகாய்க்குத் திட்டம் வரல" என்றார். திட்டம் எப்போது வரும் என்றேன். வந்தால் சொல்கிறேன் என்று போனவர், அடுத்த முறை வந்தபோது கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசினார்.

கடைசியில் வழி சொன்னது பூமயில்தான். அதில் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. அடுத்த ஐப்பசியில் விதைப்பு முடிந்து களை முளைக்கத் தொடங்கியதும், பழைய களைக்கொட்டை எடுத்துக்கொண்டு மூக்கையா ஆசாரியின் கொல்லுப்பட்டறைக்குப் போனாள். நான் என் வீட்டு வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் அடிக்கக் கொடுத்துவிட்டு அங்கே நின்றிருந்தேன்.

"ஆசாரியாரே, இதுக்கு நெஞ்சு உயரத்துக்குக் காம்பு போட்டுத் தாங்க."

"என்னத்தா, நிலாவுல களை எடுக்கப் போறியா?"

"உக்கார முடியல, நின்னு எடுக்கப் போறேன்."

மூக்கையா முதலில் வெறுமனே ஒரு நீளக் கம்பைச் செருகிக் கொடுத்தார். அது சரிப்படவில்லை. உட்கார்ந்த கைக்குச் செய்த அலகு, நின்று போட்டால் நெட்டுக்குத்தாக இறங்கி மிளகாய்ச் செடியின் வேரையே கெல்லியது. பூமயில் தன் வீட்டுப் பின்னால் கத்தரிச் செடிகளில் போட்டுப் பார்த்து, பிடுங்கிவந்த செடிகளைப் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"களைய எடுக்கச் சொன்னா கொழம்புக்கு எடுத்திருக்க" என்றார் மூக்கையா.

"உம்ம கொட்டுதான் எடுத்துச்சு. எனக்கென்ன தெரியும்?"

இரண்டாவது முறை அலகை ஒடுக்கி, கழுத்தை உள்பக்கமாக நன்றாக வளைத்துக் கொடுத்தார். கனமில்லாத பூவரசங் கம்பு. அது வேலை செய்தது. கம்பை மேலிருந்து ஓங்கிப் போடாமல் தரையோடு தன் பக்கம் இழுத்தால் களை வேரோடு வந்தது. மருதுபாண்டி சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், மூன்றாவது நிரையில் நின்றுகொண்டு மற்றவர்களோடு ஒன்றாக மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தாள். அன்று யாரும் கையை எட்டிப்போட்டு அவளுக்கு உதவ வேண்டியிருக்கவில்லை.

உதவ வேண்டியிருக்கவில்லை என்பதற்காக எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பதினொரு பேர் தரையில் இருக்கையில் ஒருத்தி மட்டும் தலைக்கு மேலே நின்றால் அது என்னவோ போல இருக்கிறது. களைக்காட்டில் நிற்கிறவர் கங்காணி, அல்லது நிலக்காரர், அல்லது வேலை செய்யாதவள். நான்காவதாக ஒரு வகை அதுவரை கிடையாது.

"எங்க மண்டையில போட்டுறாதடி" என்றாள் ஒருத்தி.

"போடட்டும், நிழலாச்சும் விழுதுல்ல" என்றாள் இன்னொருத்தி.

சந்தையிலிருந்து திரும்பிய மருதுபாண்டி, கேள்விப்பட்டதும் கையை விரித்துவிட்டான். "அய்யா ஒரு வார்த்தை சொல்லாம நட்டமா நின்னு களையெடுக்க நான் விட முடியாது மதினி. நாளைக்கு என் தலைதான் உருளும்."

நியாயம்தான். ஆகவே வெள்ளையம்மாள் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. அவள் போன நேரம் சேதுராமன் மதுரைக்குப் புறப்பட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பதை இருவரிடமும் தனித்தனியாகப் பிற்பாடு கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இருவர் சொன்னதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. குழப்பத்துக்குக் காரணமே அதுதான்.

"அய்யா, நம்ம பூமயிலுக்கு முட்டிவாதம். ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. இனிமே நின்னுக்கிறட்டுமான்னு கேக்குறா."

"பாவம். நின்னுக்கிறட்டும்."

வெள்ளையம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து சேதி சொன்னாள். பாவம் என்று வேறு சொன்னார் அய்யா என்றாள். அன்று ராத்திரி பூமயில் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

வண்டி கிளம்புவதற்கு முன் சேதுராமன், மாட்டைப் பிடித்திருந்த மருதுபாண்டியிடம் வேறொன்று சொல்லியிருந்தார். "பூமயிலு வேலைய விட்டு நின்னுக்கிறாளாம். அந்த நெரைக்கு வேற ஆளப் போட்டுக்க. குடிசையப் பங்குனிக்குள்ள பிரிச்சுக்கிறட்டும், இப்பவே வெரட்டாத." தம் கணக்கில் அவர் இரக்கம் காட்டியிருந்தார். பூமயில் மனசு மாறி வேலையையே விட்டுவிட்டாள் என்று மருதுபாண்டி நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் நீளக் காம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பூமயில் வந்தபோது, மூன்றாவது நிரையில் பக்கத்துக் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டு வந்திருந்த சண்முகவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்தா, அது என் நெரை."

சண்முகவள்ளி எழுந்திருக்காமல் மருதுபாண்டியைப் பார்த்தாள்.

"நீதான நின்னுக்கிறேன்னு சொல்லிவிட்ட?" என்றான் அவன்.

"ஆமா, நின்னுக்கிறேன்னுதான் சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு வந்த?"

"நிக்கிறதுக்குத்தான்."

வரிசை கொல்லென்று சிரித்தது. மருதுபாண்டியும் சிரித்தான். முதலில் சிரிப்பை நிறுத்தியவள் வெள்ளையம்மாள். கையிலிருந்த களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவி மனுசா, நிக்கிறதுன்னா அந்த நிக்கிறது இல்லடா" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். ஒரே சொல் இருவர் காதில் இரண்டாக விழுந்திருக்கிறது. விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். சேதுராமன் மதுரையிலிருந்து வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள்ளிருந்து மனைவியைக் கூப்பிட்டு அந்த அம்மாளுக்கும் ஒரு முறை என்னைச் சொல்லச் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கு மோர் வந்தது.

"அப்படியானால் பூமயில் வரலாமா?" என்றேன்.

"வரட்டும். நான் எப்ப வேணாமுன்னேன்? அந்தப் புள்ள சண்முகவள்ளிய எந்திரின்னு சொல்லுறது பாவம், அதுவும் இருக்கட்டும். பதிமூணாவது நெரையா இவ உக்காந்துக்கிறட்டும்."

"உட்கார முடியாமல்தானே நிற்கக் கேட்டாள்."

"அது சரிப்படாது கணக்கப்பிள்ளை."

"களை வருகிறது. செடி போகவில்லை. வரிசையோடு போய்ச் சேருகிறாள்."

"வரும், போகும், எல்லாம் நடக்கும். நான் இல்லேங்கல. ஆனா பாக்குறதுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. காடு ரோட்டுமேல கிடக்கு. அபிராமத்து யாவாரி பஸ்ஸுல போறான். சேதுராமன் காட்டுல பொம்பளை கம்ப ஊண்டி நின்னு வாய் பாக்குதுன்னு அங்கன போயிச் சொல்லுவான். காய் எடுக்க வாரப்ப விலையக் கொறைப்பான். நீங்களா வந்து ஈடு கட்டுவீக?"

நான் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் சொன்னது சரி என்றார். பூமயில் நல்ல வேலைக்காரி என்றார். மூக்கையா கெட்டிக்காரர் என்றார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, "உக்காந்து எடுக்கச் சொல்லுங்க" என்று முடித்தார். மறுத்துப் பேசுகிறவரோடு வாதாடலாம். ஒப்புக்கொண்டே மறுக்கிறவரோடு என்ன செய்வது?

பூமயில் பதின்மூன்றாவது நிரையில் உட்கார்ந்து பார்த்தாள். சாயங்காலம் அவளை இரண்டு பேர் கைத்தாங்கலாக எழுப்பி விட வேண்டியிருந்தது. அதன் பிறகு அவர்களாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காட்டின் உள்பக்கம் போகும்போது அவள் நின்று எடுப்பாள். ரோட்டை நெருங்கும்போதும், பஸ் ஓசை கேட்டாலும் உட்கார்ந்துவிட வேண்டும். மருதுபாண்டி அந்த நேரங்களில் குடையை மறுபக்கம் சாய்த்துக்கொள்வான். அவனும் பொல்லாதவன் அல்ல. இந்தக் கதையில் பொல்லாதவன் என்று யாரையும் காட்ட முடியாததுதான் என் வயிற்றெரிச்சல். ஒருவரைக் காட்ட முடிந்தால் அவரைத் திட்டிவிட்டு ஆறுதல் அடையலாம்.

"பஸ்ஸு வருது, உக்காருடி" என்பாள் வெள்ளையம்மாள்.

பூமயில் கம்பைப் பிடித்தபடி இறங்குவாள். பஸ் போனதும் கம்பைப் பிடித்தபடி ஏறுவாள். நிற்பது அவளை நோகவைக்கவில்லை. உட்கார்ந்தபடி இருப்பதையும் பல்லைக் கடித்துத் தாங்கிவிடுவாள். இறங்குவதும் ஏறுவதும்தான் கொன்றது. டாக்டர் எதைச் செய்யாதே என்றாரோ அதையே, ஒரு நாளைக்கு ஒரு முறை செய்துகொண்டிருந்தவள், இப்போது பஸ்ஸுக்குப் பஸ் செய்தாள். உதவி என்று நாங்கள் எல்லோரும் கூடிச் செய்து கொடுத்த ஏற்பாடு இதுதான்.

மார்கழியில் ஒரு நாள் ரோட்டு வழியாக அல்ல, பின்பக்க வரம்பு வழியாகச் சேதுராமன் நடந்தே வந்துவிட்டார். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கண்மாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வழி. நானும் அவரோடு வந்தேன். கண்மாய்க் கரை உடைப்பு பற்றி அவருக்கு என்னிடம் பேச வேண்டியிருந்தது. வரிசை எங்களைப் பார்த்ததும் "உக்காரு, உக்காரு" என்ற குசுகுசுப்பு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடியது. பூமயில் கம்பைப் பிடித்துப் பாதி இறங்கினாள். முட்டி அதற்கு மேல் மடங்கவில்லை. பாதியில் அப்படியே நின்றாள். பிறகு இறங்குவதை விட்டுவிட்டு, நிமிர்ந்து, களையை இழுக்கத் தொடங்கினாள்.

சேதுராமன் வரம்பில் நின்றார்.

"பூமயிலு, நான் சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சுங்கய்யா. காதுக்குக் கேட்டுச்சு, முட்டிக்குக் கேக்கல."

யாரோ சிரிக்கப் போய் இருமினார்கள். பூமயில் கையை நிறுத்தவில்லை. களையை இழுத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"உக்காந்தா எந்திரிக்க முடியல. எந்திரிச்சா உக்கார முடியல. ரெண்டுல ஒண்ணத்தான் இந்தக் காலு செய்யுது. உக்காந்தே ஆகணும்னா இப்பவே சொல்லிருங்க, உக்காந்துருதேன். அப்பறம் பொழுது சாயத் தூக்கிட்டுப் போக ஆள் வேணும், நாளைக்கு வர முடியாது. குடிசையப் பிரிக்கணும்னா நீங்களே ஆள் விட்டுப் பிரிச்சுக்கங்க. என் கையால பிரிக்க மாட்டேன்."

சேதுராமன் பூமயிலைப் பார்க்கவில்லை; அவள் எடுத்த களையையும் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தார். ரோட்டிலிருந்து காட்டின் எந்தப் பகுதி கண்ணில் படும், எந்தப் பகுதி படாது என்று அவர் கண் அளந்தது எனக்குப் புரிந்தது.

"ஏலே மருது" என்றார். "அந்த உடைமுள் வேலியோரத்து நெரைய இவளுக்கு விட்டுரு. அங்கன நிக்கட்டும், உக்காரட்டும், என்னமும் செய்யட்டும். ரோட்டுப் பக்கம் வரக் கூடாது."

சொல்லிவிட்டுக் கண்மாய் உடைப்பைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்.

வேலியோர நிரையை யாரும் விரும்பி எடுப்பதில்லை. வேலிக்கு அடியிலிருந்து அருகம்புல்லும் கோரையும் வந்துகொண்டே இருக்கும். உடைமரத்து முள் உதிர்ந்து கிடக்கும். மற்ற நிரைகளைப் போல ஒன்றரை மடங்கு வேலை. முன்பெல்லாம் அதை முறை வைத்து ஆளுக்கொரு நாள் எடுத்தார்கள். இப்போது பூமயில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டதில் மற்றவர்களுக்குச் சந்தோஷம். அவளுக்கும் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். நின்றாள். குடிசை பிரியவில்லை. வேலி முள்ளுக்காக வேல்சாமி மண்டபத்திலிருந்து பழைய டயர்ச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தான். வலி போகவில்லை, ஆனால் முற்றவும் இல்லை. மழைக்காலத்தில் கூடும், வெயிலில் குறையும். மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்தது அந்த நிரையில் நின்றுதான்.

பக்கத்து ஊர் நிலக்காரர்கள் இரண்டு பேரிடம் இந்த நீளக் காம்பைப் பற்றி நான் சொல்லிப் பார்த்தேன். ஒருவர், நின்று எடுத்தால் களை சரியாக வராது என்றார். வந்து பாருங்கள் என்றேன். வரவில்லை. இன்னொருவர், உங்கள் ஊரிலேயே ஒருத்திதானே அப்படி எடுக்கிறாள், நல்ல வழியாக இருந்தால் எல்லோரும் எடுக்க மாட்டார்களா என்றார். ஏன் ஒருத்திதான் எடுக்கிறாள் என்பதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவர் கேட்டது அது அல்ல.

1962இல் வெள்ளையம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் நிரை பிடித்து வரிசையையே இழுத்துக்கொண்டு போகிறவள், கார்த்திகைக் களையில் இரண்டு முறை கையை ஊன்றி அப்படியே இருந்துவிட்டாள். மூக்கையா ஆசாரியிடம் சொல்லிப் பூமயிலுடையதைப் போலவே ஒன்று செய்து வாங்கிக்கொண்டாள். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்தவளை மருதுபாண்டி வரம்பிலேயே நிறுத்தினான். நான் அடங்கலில் பயிர்க்கணக்கு எழுதப் போயிருந்தேன், பக்கத்தில் நின்றேன்.

"மதினி, இது எங்க போறதுக்கு?"

"களை எடுக்கத்தான். கோயிலுக்கா போவாக?"

"நின்னு எடுக்குறதுன்னா வேலியோரத்துலதான். அய்யா சொன்னது உங்களுக்குத் தெரியாதா?"

"வேலியோரத்துலயே நிக்கிறேன், விடு."

"அங்கன பூமயிலு நிக்கிறா. ஒரு நெரைதான மதினி இருக்கு. நான் என்ன செய்ய?"

பூமயில் அங்கிருந்தே, நாமிருவரும் நாள் மாற்றி நிற்போம் மதினி என்று கத்தினாள். வெள்ளையம்மாள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நீளக் காம்பைத் தரையில் ஊன்றி, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மருதுபாண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப உங்கய்யாவ இன்னொரு வேலி போடச் சொல்லு" என்றாள்.

மருதுபாண்டி அதைப் போய்ச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. வேலி போடவில்லை.